ஏழுக்கு ஒன்று: இரு தோல்விகளும் ஒரு குழுவின் மனப்போக்கும்

வென்ற குழுவைப் புகழ்ந்து பேசுவது எளிது. தோற்ற குழுவை ஏசுவது அதனினும் எளிது. திறமையில் குறைவில்லாத ஒரு குழு ஆண்டுக்கணக்கில் தோற்றுக்கொண்டே வருவானேன் என்று ஆற அமர எண்ணிப் பார்ப்பவர் சிலரே. கையும் காலும் நன்றாக இருந்தும் ஆட்டம் கெடுமானால், கோளாறு தலைமையிலோ மனப்போக்கிலோ இருக்கவேண்டும். இதற்குச் சான்று தேடி நாம் கடல் கடந்து போகவேண்டியதில்லை. நம் நாட்டு ஆண்கள் ஹாக்கிக் குழுவின் வரலாறே போதும்.

அவ்வரலாற்றில் ஒரே எண்ணிக்கை இருமுறை வருகிறது. 1982 டிசம்பர் 1-ஆம் நாள் தில்லி தேசிய விளையாட்டரங்கில் ஆசிய விளையாட்டின் ஹாக்கி இறுதியாட்டம் நடந்தது. பாகிஸ்தான் ஏழு கோல், இந்தியா ஒன்று. 2021 ஜூலை 25-ஆம் நாள் டோக்கியோ ஒலிம்பிக்கில் லீக் ஆட்டம் ஒன்று நடந்தது. ஆஸ்திரேலியா ஏழு கோல், இந்தியா ஒன்று. முதல் தோல்விக்குப்பின் நம் ஹாக்கி பல்லாண்டுகள் தலைதூக்கவில்லை. இரண்டாவது தோல்விக்குப்பின் பதினோராம் நாளில், 41 ஆண்டுகள் கைக்கு எட்டாதிருந்த ஒலிம்பிக் பதக்கம் நமக்குக் கிடைத்தது. எண்ணிக்கை ஒன்றாயிருக்க, விளைவு ஏன் இப்படி வேறுபட்டது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஹாக்கி மட்டையைக் கையால் தொட்டறியாத அன்பர்களுக்கும் இவ்விடை பயன்படும் என்பது நம் நம்பிக்கை. ஏனெனில் நாம் அனைவரும் ஏதாவது ஒரு குழுவில் இருக்கிறோம். அது அலுவலகமாயினும் சரி, சங்கமாயினும் சரி, குடும்பமாயினும் சரி.

பொற்காலத்திலும் பூசல் உண்டு

பழைய நாட்களில் எல்லாம் ஒற்றுமையாக இருந்தது, பிற்காலத்தில்தான் கெட்டுவிட்டது என்று எண்ணுவது தவறு. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முதலாகத் தங்கம் வென்றது. ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள். எதிரிகள் ஒரு கோலும் போடவில்லை. அத்தகைய குழுவின் காப்டனான ஜெய்பால் சிங், இறுதியாட்டம் ஆடுமுன்பே குழுவை விட்டு விலகினார். நிர்வாகத்தோடு ஏற்பட்ட மனக்கசப்பே காரணம் என்பர். எரிக் பின்னிகர் தலைமை ஏற்றார். நெதர்லாந்தை 3–0 என வென்றனர். தயான் சந்த் போன்ற மேதை அணியில் இருந்ததால் பிளவு வெளியே தெரியவில்லை. திறமை மிகுந்திருக்கும் காலத்தில் தலைமையின் குறை மறைந்து கிடக்கும். திறமை சற்றுக் குறையும்போது அது வெளியே வந்துவிடும்.

தோல்வியை எப்படி ஏற்பது என்பதற்கும் அக்காலத்திலேயே நல்ல சான்று உண்டு. 1936-இல் பெர்லின் சென்ற குழு, போட்டி தொடங்குமுன் ஜெர்மனியோடு ஆடிய பயிற்சி ஆட்டத்தில் 1–4 எனத் தோற்றது. காப்டன் தயான் சந்தும் நிர்வாகிகளும் அதனை மூடி மறைக்கவில்லை. தங்கள் ஆட்டத்தில் இருந்த ஓட்டையைக் கண்டு, அதனை அடைக்கத் தக்கவராகிய தாராவை இந்தியாவிலிருந்து வரவழைத்தனர். ஆகஸ்ட் 15-ஆம் நாள் இறுதியாட்டத்தில் அதே ஜெர்மனியை 8–1 என வென்றனர். பயிற்சி ஆட்டந்தானே என்று ஒதுக்கித் தள்ளியிருந்தால் இவ்வெற்றி கிட்டியிராது.

1960-இல் ரோமில் பாகிஸ்தான் 1–0 என நம்மை வென்றது. 1928 முதல் ஒலிம்பிக்கில் தொடர்ந்து 30 ஆட்டங்கள் வென்றிருந்த பெருமை அன்றோடு முடிந்தது. நான்காண்டுகளில் டோக்கியோவில் அதே எண்ணிக்கையில் நாம் தங்கத்தைத் திரும்பப் பெற்றோம். அடுத்து வந்த 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில்தான் நோய் வெளிப்பட்டது. பிரிதிபால் சிங், குர்பக்ஷ் சிங் இருவரும் மூத்த ஆட்டக்காரர்கள். இருவருமே தலைமைக்குத் தகுதி பெற்றவர்கள். யாரைக் காப்டனாக்குவது என்ற பூசலைத் தீர்க்க வழியறியாத நிர்வாகம், இருவரையும் கூட்டுக் காப்டன்களாக்கியது. முதல் ஆட்டத்திலேயே நியூஜிலாந்திடம் தோல்வி. அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் தோல்வி. ஒலிம்பிக் இறுதியாட்டத்திற்குள் இந்தியா நுழையாமற்போனது அதுவே முதல்முறை. வெண்கலத்தோடு திரும்பினர்.

ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இங்கே ஓர் உவமை தோன்றுகிறது. பாரம் மிகுந்த வண்டிக்கு இரண்டு எஞ்சின்கள் பூட்டுவது உண்டு. எஞ்சினுக்கு ஒரு டிரைவராக இருவர் இருப்பர், இருவரும் அனுபவசாலிகளே. ஆயினும் வண்டியின் பிரேக் முன் எஞ்சின் டிரைவரின் பொறுப்பில்தான் இருக்கும். சிக்னல் பார்த்து நிறுத்துபவர் அவரே. பின்னவர் தாழ்ந்தவர் என்பது இதன் பொருளன்று. வண்டி ஒன்று, ஆகவே நிறுத்தும் கையும் ஒன்று, அவ்வளவே. மெக்ஸிகோவுக்குப் போன வண்டிக்கு இவ்விதி எழுதப்படவில்லை.

கூடம் கோணலா?

1975-இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பையை நாம் வென்றோம். அஜீத்பால் சிங் காப்டன்; பல்பீர் சிங் சீனியர் நிர்வாகி. ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் பெற்றவர் பல்பீர் சிங். சண்டிகரில் நடந்த பயிற்சி முகாமில் அவர் ஆட்டக்காரர்களுடனேயே தங்கினார். முகாம் நடந்த நாட்களில் அவருடைய தந்தையார் காலமானார். செய்யவேண்டிய கடனைச் செய்துவிட்டு அவர் முகாமுக்குத் திரும்பினார். தலைவன் இவ்வாறு இருக்கையில் குழுவில் எவன் சோம்பியிருக்க முடியும்?

அப்போட்டியின் அரையிறுதியில் மலேசியா முந்தி நின்றது. ஆட்டம் முடியும் தறுவாயில், அதுவரை வெளியே உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கான் உள்ளே அனுப்பப்பட்டார். பெனால்டி கார்னர் ஒன்றைக் கோலாக்கி ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 3–2 என நாம் வென்றோம். இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை 2–1 என வென்றோம். உட்கார வைக்கப்பட்டவன் மனக்குறையோடு உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு நிமிடத்தில் அவனால் என்ன செய்திருக்க முடியும்? ஒரு குழுவின் மனப்போக்கை அறிய விரும்புவோர் களத்தில் ஆடுவோரைக் காட்டிலும், வெளியே பலகையில் அமர்ந்திருப்போரையே உற்று நோக்கவேண்டும்.

மறு ஆண்டே மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் நமக்கு ஏழாமிடம். 1928-க்குப்பின் ஹாக்கியில் பதக்கமின்றித் திரும்பியது அப்போதுதான். ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஆடப்பெற்றதும் அவ்வாண்டே. அன்றுமுதல் நம் தோல்விகளுக்கெல்லாம் இத்தரையே காரணம் என்று சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. இதில் உண்மை இல்லாமலில்லை. புல்தரையில் பந்தை மட்டையோடு ஒட்டி உருட்டிச் செல்லும் நுட்பமே நம் கலை. செயற்கைத் தரையிலோ பந்து விரைந்தோடும். ஆட்டக்காரருக்கு மூச்சும் வேகமும் வேண்டும். அத்தகைய தரைகள் நம் நாட்டில் நெடுங்காலம் மிகச் சிலவே இருந்தன. ஆயினும் நம்மைப் போலவே புல்தரையில் வளர்ந்த பாகிஸ்தான், 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் செயற்கைத் தரையில் ஆடித் தங்கம் வென்றதே! 1994-இல் உலகக் கோப்பையையும் வென்றதே! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது பழமொழி. நமக்கோ ஆடத் தெரியும். கூடமும் சற்றுக் கோணல்தான். ஆனால் கோணலைக் காட்டியே நாற்பதாண்டுகளைக் கழித்துவிட்டோம்.

இடையில் 1980-இல் மாஸ்கோவில் தங்கம் கிடைத்தது. அக்குழுவின் காப்டன் நம் சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் என்பது தமிழராகிய நமக்குப் பெருமை தருவது. ஸ்பெயினை 4–3 என வென்ற அந்த இறுதியாட்டம் எளிதானதன்று. எனினும் பல நாடுகள் புறக்கணித்த அவ்வொலிம்பிக்கில் ஆறு குழுக்களே ஆடின என்பதையும் மறத்தலாகாது. அவ்வெற்றியை முழு உடல்நலத்தின் அடையாளம் என்று நாடு கொண்டுவிட்டது. அடுத்த இரண்டாண்டுகளில் தில்லி வந்தது.

முதல் ஏழுக்கு ஒன்று

தில்லி இறுதியாட்டத்தைப் பிரதம மந்திரி இந்திரா காந்தி அம்மையார் நேரில் வந்து பார்த்தார். அரங்கம் நிரம்பி வழிந்தது. அடுத்தடுத்து ஏழு கோல்கள் விழுந்தன. நாடு வெட்கத்தில் ஆழ்ந்தது. வெட்கம் கோபமாயிற்று, கோபம் ஓர் ஆளைத் தேடிற்று. கோல் காப்பாளர் மீர் ரஞ்சன் நேகி அகப்பட்டார். பணம் வாங்கிக்கொண்டு கோல்களை விட்டுக்கொடுத்தார் என்றுகூட அவர்மேல் பழி சுமத்தினர். அவருடைய ஆட்ட வாழ்க்கை பாழாயிற்று.

ரயில்வேயில் விபத்து நேர்ந்தால் விசாரணை நடக்கும். கடைசியாகக் கைகாட்டியவனை மட்டும் பிடித்து அவ்விசாரணை முடிந்துவிடுவதில்லை. சிக்னல் எப்படி இருந்தது, தண்டவாளம் எப்படி இருந்தது, ஸ்டேஷன் மாஸ்டர் என்ன உத்தரவிட்டார், பணிநேரம் எவ்வளவு என்றெல்லாம் கேட்டு, முதற்பொறுப்பு யாருடையது, துணைப்பொறுப்பு யாருடையது என்று பிரித்தெழுதுவார்கள். பாயிண்ட்ஸ்மேன் ஒருவனைத் தண்டித்துக் கோப்பை மூடினால் அடுத்த விபத்து அதே இடத்தில் நேரும் என்பது நம் இலாகா பட்டறிந்த உண்மை. கோல் காப்பாளர் கடைசியாக நிற்பவர். அவரைத் தாண்டிய ஏழு பந்துகளும் அவருக்கு முன்னிருந்த பத்துப் பேரையும் தாண்டியே வந்தன. பயிற்சி தந்தவர், திட்டம் வகுத்தவர், ஆளைத் தேர்ந்தெடுத்தவர் ஆகிய அனைவரையும் தாண்டியே வந்தன. அவர்களைப் பற்றிய வினாவை எவரும் எழுப்பவில்லை. அடுத்த விபத்து விரைவிலேயே வந்தது. 1986-இல் லண்டனில் நடந்த உலகக் கோப்பையில் பன்னிரண்டு நாடுகளில் நாம் பன்னிரண்டாமவர்.

நேகியின் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டுக்குச் சென்ற குழுவில் கோல் காப்பாளர்களுக்குப் பயிற்சி தர அவரை அழைத்தனர். அங்கே 32 ஆண்டுகளுக்குப்பின் இந்தியா ஆசியத் தங்கத்தைப் பெற்றது; அதுவும் சமநிலைக்குப்பின் பெனால்டி அடிகளில், கோல் காப்பாளர் ஆஷிஷ் பல்லாலின் திறமையால்! 2002-இல் மான்செஸ்டரில் காமன்வெல்த் தங்கம் வென்ற பெண்கள் குழுவுக்கும் அவர் அவ்வாறே பயிற்சி தந்தார். யாரை வெளியே தள்ளினோமோ அவரிடத்திலேயே நமக்கு வேண்டிய அறிவு இருந்தது. அதைப் பெறப் பதினாறு ஆண்டுகள் காத்திருந்தோம்.

கட்கியிலிருந்து வந்த பிள்ளை

பாங்காக்கில் வென்ற குழுவின் காப்டன் தன்ராஜ் பிள்ளை. இவ்விதழைப் படிக்கும் குடும்பங்கள் அவரை நம் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ளலாம். பூனாவை அடுத்த கட்கியில், வேலை தேடி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் 1968-இல் பிறந்தவர். தந்தையார் நாகலிங்கம் பிள்ளை மைதானப் பராமரிப்பாளர். பெரியவர்கள் எறிந்துவிட்ட உடைந்த மட்டைகளைக் கட்டிச் சேர்த்து, ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பின் மண்ணில் ஆடிப் பழகியவர். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு என ஆடிய ஆட்டக்காரர்.

பாங்காக் தங்கத்தைக் கழுத்தில் அணிந்து திரும்பிய அவருக்கு என்ன நேர்ந்தது? ஆட்டக்காரர்களுக்குச் சேரவேண்டிய படிப்பணத்தைப் பற்றிக் குரல் எழுப்பியிருந்தார். அடுத்த தொடருக்கான குழுவில் தன்ராஜும் வேறு மூத்த ஆட்டக்காரர் சிலரும் இடம்பெறவில்லை. ஓய்வு தரப்பட்டது என்று காரணம் சொன்னார்கள். பயிற்சியாளர் கௌசிக்கும் மாற்றப்பட்டார். தன்ராஜ் சினம் மிகுந்தவர், மனத்தில் பட்டதை வெளிப்படையாகப் பேசுபவர் என்பதை அவருடைய நண்பர்களே மறுக்கமாட்டார்கள். அப்படிப்பட்டவரை நடத்துவது கடினந்தான். ஆனால் நியாயமான பாக்கியைக் கேட்பவனுக்கு இடமில்லை என்ற செய்தி, பின்னே வரும் இளைஞர்களின் செவியில் எப்படி விழும்? வாய்திறவாதிருப்பதே நலம் என்று அவர்கள் கற்றுக்கொள்வர். அவ்வாறு கற்றவன் களத்தில் சகாவின் பிழையைக்கூடச் சுட்டிக்காட்டமாட்டான்.

இதற்குப்பின் வந்த ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2000-இல் சிட்னியில் போலந்தை வென்றால் அரையிறுதி என்ற நிலை; கடைசி நிமிடங்களில் கோல் வாங்கி 1–1 என முடித்தோம். 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருக்கையில் பயிற்சியாளரை மாற்றி, ஜெர்மானியர் ஒருவரை அமர்த்தினர். புதியவர் ஆட்டக்காரரின் பெயர்களைப் பழகுமுன் போட்டியே முடிந்தது, ஏழாமிடம். 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் முதன்முறையாகப் பதக்கமில்லை. 2008 மார்ச்சில் சிலி நாட்டுச் சான்டியாகோ நகரில் பிரிட்டனிடம் 0–2 எனத் தோற்றோம். எண்பதாண்டுகளில் முதல்முறையாக ஒலிம்பிக் வாயிலிலேயே நிறுத்தப்பட்டோம். அடுத்த மாதமே, ஆள் சேர்க்கப் பணம் கைமாறியதாகத் தொலைக்காட்சி வெளியிட்ட காட்சியால் சம்மேளனத்தின் செயலாளர் பதவி விலகினார்; சம்மேளனமே இடைநீக்கம் செய்யப்பட்டது. 2010 ஜனவரியில், தில்லியில் உலகக் கோப்பை தொடங்கச் சில வாரங்களே இருக்கையில், பூனா முகாமில் ஆட்டக்காரர்கள் பாக்கித் தொகை கேட்டுப் பயிற்சிக்கு இறங்க மறுத்தனர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் தோற்றுப் பன்னிரண்டாமிடம் பெற்றோம்.

பயிற்சியாளர் பட்டியலைப் பாருங்கள். 2009 முதல் 2019 வரை பத்தாண்டுகளில், இடைக்காலப் பொறுப்பு வகித்தவர்களை விட்டுவிட்டு எண்ணினாலும், பிராசா, நாப்ஸ், வால்ஷ், வான் ஆஸ், ஆல்ட்மன்ஸ், மரைன், ஹரேந்திர சிங், ரீட் என எட்டுப் பேர். ஓராண்டுக்கு ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் மாறும் நிலையத்தில் எந்தப் போர்ட்டர் புதியவரின் உத்தரவை மெய்யென நம்புவான்? இவரும் நாளை போய்விடுவார் என்ற எண்ணமே அங்கே ஆட்சி செய்யும். ஆட்டக்காரரிடம் ஒழுங்கில்லை, ஆர்வமில்லை என்று குறைகூறியவர்கள் இதனை எண்ணிப் பார்க்கவில்லை. மனப்போக்கு என்பது ஆட்டக்காரன் வீட்டிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவரும் பொருளன்று. பெரும்பகுதி, மேலே இருப்போர் நடந்துகொள்ளும் விதத்தைக் கண்டு கீழே இருப்போர் மனத்தில் படிவது அது.

இரண்டாவது ஏழுக்கு ஒன்று

இனி டோக்கியோவுக்கு வருவோம். அங்கே சென்ற குழு பழைய குழுவினும் திறமையில் மிக்கது என்று சொல்ல இயலாது. ஆனால் அதன் அமைப்பு வேறாயிருந்தது. ஒடிசா அரசு 2018 முதல் குழுவின் புரவலராயிருந்து ஆதரவளித்து வந்தது. ஆஸ்திரேலியரான கிரஹாம் ரீட் 2019 முதல் மாறாமல் பயிற்சியாளராயிருந்தார். கொள்ளைநோய்க் காலத்தில் ஆட்டக்காரர்கள் பெங்களூர் முகாமில் மாதக்கணக்கில் ஒன்றாகவே வாழ்ந்தனர். மன்பிரீத் சிங் காப்டன். ஹர்மன்பிரீத் சிங், பீரேந்திர லாக்ரா துணைக் காப்டன்கள். கோல் காப்பாளர் ஸ்ரீஜேஷ் மூத்தவர், அதற்கு முந்திய ரியோ ஒலிம்பிக்கில் காப்டனாயிருந்தவர். முன்னாள் காப்டன் இன்னாள் காப்டனின்கீழ் முகம் கோணாமல் ஆடினார். மெக்ஸிகோவில் இயலாதது டோக்கியோவில் இயன்றது.

ஆஸ்திரேலியா ஏழு கோல் அடித்தபோது கோலில் நின்றவர் அதே ஸ்ரீஜேஷ்தான். தில்லியின் வழக்கப்படி பார்த்தால் மறுநாளே அவரை மாற்றியிருக்கவேண்டும். செய்தித்தாளுக்கு ஒரு பலியும் கிடைத்திருக்கும். அப்படி நடக்கவில்லை. இரண்டு நாட்கள் கழித்து ஸ்பெயினோடு ஆட்டம். அதே ஸ்ரீஜேஷ் கோலில் நின்றார். ஒரு கோலும் விடவில்லை. 3–0 என வென்றோம். பின் அர்ஜென்டினாவையும் ஜப்பானையும் வென்றோம். காலிறுதியில் பிரிட்டனை வென்றோம். அரையிறுதியில் பெல்ஜியத்திடம் 2–5 என மீண்டும் தோல்வி. ஆகஸ்ட் 5-ஆம் நாள் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனி 3–1 என முந்தி நின்றது. அங்கிருந்து தொடர்ந்து நான்கு கோல்கள் அடித்து 5–4 என வென்றோம். கடைசிச் சில விநாடிகளில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரைத் தடுத்தவரும் ஸ்ரீஜேஷே. பதினொரு நாட்களுக்கு முன் ஏழு கோல் விட்டவர் என்று அவரை ஒதுக்கியிருந்தால் அந்தப் பந்தின்முன் நிற்க யார் இருந்திருப்பார்?

இத்துடன் எல்லாம் சீராகிவிட்டது என்று கதை முடிப்பது நேர்மையாகாது. 2023 ஜனவரியில் நம் மண்ணிலேயே, புவனேஸ்வரத்திலும் ரூர்கேலாவிலும் நடந்த உலகக் கோப்பையில் 3–1 என முந்தியிருந்தும் நியூஜிலாந்திடம் ஆட்டத்தை இழந்து, ஒன்பதாமிடத்தில் நின்றோம். ரீட் விலகினார். அவரிடத்தில் கிரெய்க் ஃபுல்டன் வந்தார். மனப்பயிற்சிக்கென்றே பேடி அப்டன் அழைக்கப்பட்டார். அவ்வாண்டே ஹாங்சோவில் ஆசியத் தங்கம் கிடைத்தது. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் காலிறுதியில் பதினேழாம் நிமிடத்திலேயே அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, எஞ்சிய நேரம் முழுதும் பத்துப் பேராக நின்று பிரிட்டனை 1–1 எனத் தடுத்து, ஷூட் அவுட்டில் வென்றனர். வெளியேறிய சகாவை அவர்கள் சபிக்கவில்லை. அவன் நின்ற இடத்தைப் பங்கிட்டுக்கொண்டனர். ஸ்பெயினை 2–1 என வென்று வெண்கலம் பெற்றனர். அடுத்தடுத்த இரு ஒலிம்பிக்கில் பதக்கம் என்பது 1968, 1972-க்குப்பின் அப்போதுதான் நேர்ந்தது. அத்துடன் ஓய்வுபெற்ற ஸ்ரீஜேஷ் இளையோருக்குப் பயிற்சியாளரானார். 2025-இன் இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் அவருடைய குழு வெண்கலம் வென்றது.

நம் வீட்டுக்கும் சங்கத்துக்கும்

இவ்விரு தோல்விகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிவது யாது? ஒரு குழுவை ஆக்குவதும் அழிப்பதும் தோல்வியன்று. தோற்ற மறுநாள் காலையில் அக்குழு பேசும் பேச்சே. யார் செய்தான் என்று கேட்ட குழு, ஆளைத் துரத்திவிட்டுக் குறையை வைத்துக்கொண்டது. எங்கே குறை என்று கேட்ட குழு, ஆளை வைத்துக்கொண்டு குறையைத் துரத்தியது.

வெளியூரில் வாழும் நமக்கு இது வெறும் விளையாட்டுச் செய்தி அன்று. நாம் ஒரு நூறு குடும்பங்கள் கூடி ஒரு சங்கம் நடத்துகிறோம். தலைவர் பதவிக்கு இருவர் விரும்பினால், மனத்தாங்கல் வேண்டாமென்று இருவரையும் இணைத்தலைவராக்கிவிடுவது பல ஊர்ச் சங்கங்களில் உள்ள வழக்கம். அடுத்த ஆண்டு அச்சங்கம் இரண்டு பொங்கல் விழா நடத்துவதையும் நாம் கண்டிருக்கிறோம். நாடகம் சரியாக அமையவில்லையென்றால் திரை இழுத்தவன்மேல் பழி போடுவதும், கணக்குக் கேட்டவனை அடுத்த செயற்குழுவில் சேர்க்காமல் விடுவதும் நமக்குப் புதியனவல்ல. ஆளுக்கு ஒரு பொறுப்பை எழுத்தில் வைத்து, கணக்கைக் காலத்தில் படித்து, முன்னாள் தலைவர் இன்னாள் தலைவரின்கீழ் நாற்காலி எடுத்துப்போடவும் தயங்காத சங்கம் நெடுநாள் வாழும்.

இதனினும் முக்கியமானது வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியது. நம் குடியிருப்பு மைதானங்களில் மாலைதோறும் நம் பிள்ளைகள் பஞ்சாபி, வங்காளி, மராட்டியப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடுகின்றனர். வேற்றூரில் அவர்களுக்கு உறவினர் கூட்டம் இல்லை. அக்குழுவே அவர்களுடைய ஊர். எல்லைக்கோட்டில் நின்றுகொண்டு, "உன் பிள்ளை விட்ட கோலால் தோற்றோம்" என்று தகப்பனார் ஒருவர் உரக்கச் சொல்லிவிட்டால், மறுநாள் ஒரு சிறுவன் மைதானத்துக்கு வரமாட்டான். மொழி புரியாத ஊரில் அவனுக்கிருந்த ஒரே ஊரும் போய்விடும். உடைந்த மட்டையோடு கட்கி மண்ணில் ஆடிய சிறுவனையும் ஒருநாள் யாரோ அப்படி விரட்டியிருந்தால், நான்கு ஒலிம்பிக் கண்ட தன்ராஜ் நமக்குக் கிடைத்திருப்பாரா?

ஆகவே பெற்றோர்களுக்கு நாம் கூற விரும்புவது இது. பிள்ளை தோற்று வந்தால், யாரால் தோற்றீர்கள் என்று கேட்கவேண்டாம். அடுத்த ஆட்டம் என்றைக்கு என்று கேளுங்கள். கால் கழுவச் சொல்லிச் சோறு போடுங்கள். கோல் விட்ட பையன் பக்கத்து வீட்டில் இருந்தால் அவனையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.